பாலை மரமும் நாலு வெறும் கான்களும்

நான் கட்டடக்கலை படித்தவன் அல்லன். படித்தவன் என்று வீட்டார் நம்பியபோது மறுக்காமல் இருந்தவன். முதல் வகை ஆளைவிட இந்த இரண்டாம் வகை ஆள் எவ்வளவு ஆபத்தானவன் என்பதை ஊருக்கு நிரூபித்துக் காட்ட எனக்கு ஒரே ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

யுத்த காலம். கொழும்பில் படவரைஞர் வகுப்பொன்றில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதப் படிப்பு. நாலாவது மாதம் நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்தது. அடையாள அட்டையில் மட்டக்களப்பு என்று இருந்தவர்களையெல்லாம் பொலிசார் தேடிவந்து நலம் விசாரித்தார்கள். விசாரணை முடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன். கையில் இருந்தவை ஓர் அடிமட்டமும் ஒரு கொப்பியும். கொப்பியில் கல், சுண்ணாம்பு, மரம் என்று மூன்று பாடங்கள் முடிந்திருந்தன. நாலாவது பாடம் ‘கட்டடப் பொருட்களைக் கொண்டுசெல்லும் முறைகள்’. தலைப்பை மட்டும் எழுதியிருந்தேன். (இந்தக் கட்டுரையின் முழுச் சோகமும் அந்த எழுதாத பாடத்துக்குள் இருக்கிறது.)

வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் அம்மா என்னை இஞ்சினியர் ஆக்கிவிட்டார். “எண்ட மகன் கொழும்பில வீடு கட்டப் படிச்சவன்” என்று வேலிக்கு மேலால் அயலுக்கு அறிவித்தார். அயலும் நம்பியது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் தன் கோழிக்கூட்டைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். அத்திவாரம் போதாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நேரத்தில்தான் யோகம் அக்காவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பாஸ்கரன், வாவிக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர். மெலிந்த, மரியாதையான மனிதர். ஒரு கேள்வியை வாயில் வைத்துக்கொண்டே அரை மணித்தியாலம் பொறுத்திருக்கக்கூடியவர். அவருடைய தாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அக்காவின் வீட்டுக்குச் சுவர் எழும்பி ஒன்றரை வருடமாகியும் கூரை ஏறவில்லை. மாப்பிள்ளையின் தாய் வந்து, சுவர்களுக்கு நடுவே நின்று, ஆகாயத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஆவணிக்குள்ள முகடு ஏறினாக் கலியாணம். இல்லாட்டி எண்ட மகன் வெயிலுக்க வந்து குடியிரிக்க மாட்டான்கா.”

ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

கூரைக்கு ஓடு வந்துவிட்டது. கைமரத்துக்குப் பனையும் கிடைத்தது. பிரச்சினை தீராந்தியில் வந்து நின்றது. தீராந்தி என்பது சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்து முழுக் கூரையையும் தாங்கும் பெரிய மரம். மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பதினாறு அடி. எந்த மரத்தில் போடுவது? இந்தக் கேள்வியை வைத்து எங்கள் வீட்டில் மூன்று கட்சி உருவானது.

அப்பா சூறாவளிக் கட்சி. பழைய வீட்டின் கூரை, தென்னைத் தீராந்திகளோடு சேர்ந்து, சூறாவளியன்று பறந்ததைக் கண்ணால் கண்டவர். “பறக்காத மரமாப் பாருங்க. அவ்வளவுதான் எண்ட கதை” என்றார்.

அம்மா ஷெல் கட்சி. அந்த நாட்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டாவது தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போகும். ஆகவே அம்மாவின் கவலை மரம் பறப்பதல்ல, விழுவது. “எது விழுந்தா மெல்லமா விழும் எண்டு பாருங்க. கீழ படுக்கப்போறது எண்ட புள்ள” என்றார்.

மூன்றாவது கட்சி ஆதம்பாவா ஓடாவியார். ஏறாவூரில் பேர்போன தச்சர். ஓடாவி என்றால் எங்கள் பக்கத்தில் தச்சுவேலைக்காரர். தன் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துசேர்வதற்குள் நாலு ஆமிச் சென்றிப் பொயின்றில் இறங்கி, தன் உளிப்பெட்டியை நாலு முறை திறந்து காட்டி, உளி என்பது என்ன என்று நாலு முறை விளக்கிவிட்டு வருவார். அதனால் எங்கள் வீட்டை அடையும்போது இனி யாருக்கும் எதையும் விளக்கும் மனநிலையில் இருக்கமாட்டார்.

“முதிரை போடுங்க” என்றார். “இல்லாட்டி நல்ல வேம்பு. பாலைப் பக்கம் மட்டும் போகாதீங்க.”

அவ்வளவுதான். அதுவரை எந்த மரம் என்று எனக்கும் தெரியாது. அவர் வேண்டாம் என்றதும், வேண்டியது பாலைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. உள்ளே போய்க் கொப்பியை எடுத்துவந்தேன்.

“காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துத் தொடங்கினேன். “பாரத்தில பாலைய மிஞ்ச ஒரு மரம் இல்ல. கன அடிக்கு எழுபது இறாத்தல். ரெயில் றோட்டுக்குக் குறுக்கால போடுற சிலிப்பர்க்கட்டை என்ன மரம் தெரியுமா? பாலை! ரெயிலையே தாங்குற மரம்!”

ஓடாவியார் கூரையில்லாத சுவருக்கு மேலால் வானத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்கட அக்காட ஊட்டுக்கு மேலால ரெயில் போகுதா தம்பி?”

அம்மா சிரித்துவிட்டார். அதுதான் என்னைக் கெடுத்தது. தனியாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன். தாய்க்கு முன்னால் சிரிப்புக்கு ஆளான இஞ்சினியர் பின்வாங்கக்கூடாது.

“உங்களுக்குப் பாலையை அறுக்கக் கஷ்டம். அதான் வேணாம் எண்டுறீங்க” என்றேன்.

“ஓம்” என்றார் அவர், கொஞ்சமும் வெட்கமில்லாமல். “பாலைய அறுத்தா எண்ட வாள் மௌத்தாப் போகும். ஆணியும் இறங்காது. தூக்கி வெக்க எட்டு ஆள் வேணும். நான் எனக்காகத்தான் சொல்றன். உங்களுக்காகச் சொன்னாக் கேக்கவா போறீங்க?”

அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்தார். எழுபது இறாத்தல் என்ற எண்ணில் அவர் கண் நின்றது. சூறாவளியால் அசைக்க முடியாத எண் அது. பாலை என்று முடிவானது. ஓடாவியார், மரம் வந்தபிறகு ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, மறுபடி நாலு இடத்தில் உளியைப் பற்றி விளக்கப் புறப்பட்டார்.

எங்கள் வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. நாங்கள் இருந்தது அங்கே, இராணுவத்தின் பிடியில். சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வயலும் காடும், பெடியள் என்று நாங்கள் சொல்லும் இயக்கக்காரரும் அங்கே. நல்ல மரமும் அங்கேதான். வெல்லாவெளிப் பக்கம் அப்பாவின் வயல் வட்டைக்கு அடுத்த வயல்காரர் ஒருவர், அரிந்து வைத்த பாலைத் தீராந்திகள் மூன்று வைத்திருந்தார். எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். இனிக் கொண்டுவருவதுதான் வேலை.

அக்கரையில் பெடியளிடம் ஒரு கடிதம் எடுத்தேன். இக்கரையில் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் எடுத்து, துறையடி முகாமில் காட்டி, அதன் மூலையில் ஒரு கையெழுத்தும் சீலும் வாங்கினேன். இன்ன நாள், காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள், மூன்று மரம். இவ்வளவுக்கும் ஒரு மாதம் போனது. அந்த நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்துப் பாதை உடைந்துவிட்டது. (பாதை என்று நாங்கள் சொல்வது ரோட்டை அல்ல, உழவு மிசினையும் மனிதரையும் ஏற்றி வாவியைக் கடக்கும் பெரிய மிதவையை.) அடித்தட்டில் ஓட்டை, திருத்த ஒரு கிழமையாகும் என்றார்கள்.

மரத்தை ஏற்றிவந்த உழவு மிசின்காரர் மூன்றையும் அக்கரைத் துறையில் உருட்டிவிட்டுப் போய்விட்டார். கடிதம் அன்றைக்கு மட்டும்தான் செல்லும். இன்னொரு மாதம் அலைந்தால் ஆவணி பிறந்துவிடும். நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. எனக்கு ஞானம் பிறந்தது.

“சாமித்தம்பி அண்ணன், மரத்தத் தோணிக்குப் பின்னால கட்டி இழுத்துக்கு போவம். மரம்தானே, மிதந்து வரும்.”

சாமித்தம்பி அண்ணன் மீன்பிடிகாரர். அவருடைய தோணிதான் அன்று துறையில் இருந்த ஒரே தோணி. அவர் குனிந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். கல்லைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

“தம்பி, இது பாலையெல்லா?”

“ஓம். முதல்தரம்.”

அவர் தோணிக்குள் போய், எண்ணெய் வாங்கும் வெறும் பிளாஸ்ரிக் கான்கள் நாலு கொண்டுவந்தார். வலைக்கு மிதப்பாகக் கட்டுகிறவை. மூடியை இறுக்கி, மரக்கட்டின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகக் கட்டத் தொடங்கினார்.

“அதென்னத்துக்கு?” என்றேன்.

“சும்மா கிடக்கட்டும் மனே” என்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளை பாஸ்கரன் சேர் வந்தார். (ஆசிரியரை நாங்கள் ‘சேர்’ என்போம்.) வெள்ளைச் சேட்டு, கால்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தார், கக்கத்தில் ஒரு கட்டு விடைத்தாள். தவணைப் பரீட்சை முடிந்து திருத்த எடுத்துப்போகிறாராம். பாதை இல்லாததால் எங்கள் தோணியில் வரலாமா என்று கேட்டார். வருங்கால அத்தானுக்கு என் திறமையைக் காட்ட இதைவிட வேறென்ன சந்தர்ப்பம்?

தோணி புறப்பட்டது. சாமித்தம்பி அண்ணன் கம்பு ஊன்றினார். பின்னால் மூன்று தீராந்தியும் முதுகு தெரியாமல், நாலு கான்களுக்கு நடுவே, சாதுவாக வந்தன. நான் விரிவுரையைத் தொடங்கினேன். மரத்தின் வைரம், நார், வெடிப்பு என்று கொப்பியில் இருந்ததை ஒரு வரி விடாமல் சொன்னேன். சேர் கேட்டுக்கொண்டே வந்தார். வாவியின் நடுவில் மெதுவாகக் கேட்டார்:

“தம்பி, இந்த மரம் கன அடிக்கு எவ்வளவு பாரம்?”

“எழுபது இறாத்தல் சேர்!”

“தண்ணி அறுபத்திரண்டரை.”

“அப்பிடியா?” என்றேன், தண்ணீருக்காகக் கொஞ்சம் அனுதாபப்பட்டு. “பாருங்க, தண்ணிய விடவும் பாரம்! அதுதான் பாலை!”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். திரும்பி அந்த நாலு கான்களையும் ஒரு பார்வை பார்த்தார். பெண் எடுக்கப்போகும் வீட்டுப் பிள்ளையைத் திருத்தலாமா என்ற யோசனை அவருக்கு. அந்த மரியாதைதான் எங்கள் எல்லோரையும் தண்ணீரில் போட்டது என்று இன்றும் நான் வாதாடுவதுண்டு. (ஒருவரும் ஏற்பதில்லை.)

எழுவான்கரை கிட்டியது. கரையில் மண்மூட்டை அடுக்கிய சென்றி தெரிந்தது. ஒரு சிப்பாய் எழுந்து நின்று தூரக்கண்ணாடி வைத்து எங்களைப் பார்த்தான். எனக்குத் திடீரென்று வேறொரு பயம் வந்தது. தண்ணீரில் பாதி அமிழ்ந்து வரும் பிளாஸ்ரிக் கான்களைக் கண்டால் அந்தக் காலத்தில் எந்தச் சிப்பாய்க்குத்தான் நல்ல எண்ணம் வரும்?

“அண்ணன், கானை அவிழுங்க! ஆமி குண்டெண்டு நினைக்கப்போறான்!”

“சும்மா இரி மனே. அவங்களுக்கு என்னையும் தெரியும், எண்ட கானையும் தெரியும்.”

“அது சும்மாதானே வருது? மரம் தன்ட பாட்டுல மிதக்குது!”

“தம்பி…” என்றார் சேர்.

நான் அதற்குள் குனிந்து முடிச்சுகளை அவிழ்த்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விடுதலை பெற்ற கான்கள் துள்ளிக்கொண்டு மேலே வந்தன. பாலை கீழே போனது.

சத்தமே இல்லை. மூன்று பெரிய மரங்கள், ஒரு குமிழிகூட விடாமல், பதவியை ராஜினாமாச் செய்ததுபோல் போய்விட்டன. கயிறு விறைத்தது. தோணியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. நான் கயிற்றைப் பிடிக்கப் பின்னால் பாய்ந்தேன். என்னைப் பிடிக்கச் சேர் பாய்ந்தார். இரண்டு பேரின் பாரமும் பின்னால் வந்ததும் தோணி வாயைத் திறந்து வாவியைக் குடித்தது. அடுத்த நிமிடம் மூன்று பேரும் நெஞ்சளவு தண்ணீரில் நின்றோம். சுற்றிவர முப்பத்தெட்டு விடைத்தாள்களும் மிதந்தன. கான்களைத் தவிர, அன்று நான் வாவியில் இறக்கியவற்றுள் மிதந்தவை அவை மட்டுமே.

கரையில் விசில் ஊதியது. வானத்தை நோக்கி ஒரு வெடி. சிங்களத்தில் கத்தினார்கள், மொழி தெரியாவிட்டாலும் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

சென்றியில் இருந்தவர்கள் கண்டது இதுதான். மூன்று பேர் ஒரு தோணியில் வந்தார்கள். தூரக்கண்ணாடியில் சிப்பாய் தங்களைப் பார்ப்பதைக் கண்டார்கள். கண்டதும் அவசர அவசரமாக எதையோ அவிழ்த்துத் தண்ணீருக்கு அடியில் தாழ்த்தினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சுட்டிருப்பேன்.

கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சேற்றில் நூறு யார் தூரம் நடக்கவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கால் புதையும். விழப்போனால் கை தானாக இறங்கும். இறங்கினால் கரையில் துவக்குக் குழல் அசையும். சேரின் வெள்ளைச் சேட்டு சேற்று நிறமாகியிருந்தது. அந்த நூறு யாரிலும் நான் நினைத்தது என் உயிரை அல்ல. அக்காவைத்தான். இந்த மனிதனுக்கு ஏதாவது நடந்தால், அதைப் போய் அவளிடம் எந்த வாயால் சொல்வேன் என்று நினைத்தேன். அதில் பகிடி ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தைச் சொல்லும்போது கொஞ்சம் வேகமாகத்தான் சொல்லிக் கடப்பேன்.

கரையில் எங்களை மண்டியிடச் சொன்னார்கள். பொறுப்பதிகாரி வந்தார். மீசை முளைத்து அதிக காலம் ஆகாதவர்.

“ஆயுத?” என்றார். அந்த ஒரு சொல் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் சேட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். மையெல்லாம் கரைந்து நீலக்குளமாக இருந்தது. சீல் மட்டும் தெளிவாக இருந்தது. எதற்கான சீல் என்பது வாவிக்கு மட்டும் தெரியும்.

கொழும்பில் நாலு மாதத்தில் கற்ற சிங்களத்தைத் திரட்டினேன். “லீ… லீ கிலுணா.” மரம், மரம் தாழ்ந்துவிட்டது.

அதிகாரி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “லீ கிலெனவத?” என்று கேட்டார். மரம் தாழுமா?

பாருங்கள் என் நிலைமையை. பத்து நிமிடத்துக்கு முன் மரம் மிதக்கும் என்று இரண்டு பேருக்கு விரிவுரை நடத்தியவன், இப்போது மரம் தாழும் என்று உயிரைப் பணயம் வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அதிகாரிக்கு என் பழைய அறிவு இருந்தது. எனக்கு அவருடைய துவக்கு இருக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிப்பாய் எட்டிப்பார்த்தான். வெயிலில் கறுத்த, கமக்காரத் தோற்றமுள்ள ஆள். “பலுத?” என்றான். எனக்கு விளங்கவில்லை. பாலையைச் சிங்களத்தில் பலு என்பார்கள் என்று சேருக்குத் தெரிந்திருந்தது. “ஓம், ஓம், பலு!” என்றார்.

அந்தச் சிப்பாயின் முகம் விரிந்தது. அதிகாரியிடம் ஏதோ வேகமாகச் சொன்னான். பலு என்றால் தாழும், எங்கள் ஊர்க் காட்டிலும் இருக்கிறது, பழம் தேன்போல இனிக்கும் என்றானாம். சேர் பிறகு சொன்னார். பிறகு அவன் எங்களைப் பார்த்து, இப்போது அக்கரையில் பழம் பழுத்திருக்கிறதா என்று கையால் தின்று காட்டிக் கேட்டான். மண்டியிட்டுக் கையைத் தூக்கிய நிலையில் மூன்று பேரும் ஓம் என்று தலையாட்டினோம்.

அதிகாரி நகரத்துப் பிள்ளை போலும். நம்பவில்லை. எடுத்துக் காட்டுங்கள் என்றார்.

சாமித்தம்பி அண்ணன் கயிற்றோடு மூழ்கினார். துறையில் நின்ற வலைக்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார்கள். நானும் சேரும் சேர்ந்து இழுத்தோம். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு தீராந்தி மட்டும் சேறு பூசிக்கொண்டு கரைக்கு வந்தது. அதிகாரி தன் கத்தியால் ஒரு துண்டு சீவ முயன்றார். கத்தி வழுக்கியது. மறுபடி முயன்று ஒரு விரலளவு எடுத்தார். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதற்குள் போட்டார்.

துண்டு நேரே அடிக்குப் போனது.

எடுத்து மறுபடி போட்டார். மறுபடி போனது. அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சின்னப் பையனின் சிரிப்பு வந்தது. பிறகு மற்றச் சிப்பாய்கள் ஒவ்வொருவராக வந்து போட்டுப் பார்த்தார்கள். சேர், வாளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டபடியே, அரை ஆங்கிலமும் கால் சிங்களமும் மிச்சம் கைச்சாடையுமாக, அடர்த்தி என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். அன்றைக்கு அந்த முகாமில் விஞ்ஞான பாடம் நடந்தது. நான் கவனமாகக் கேட்ட முதல் பாடமும் அதுதான்.

எங்களைப் போகவிட்டார்கள். தீராந்தியை விடவில்லை, விசாரணை முடியும்வரை சாட்சிப்பொருளாக இருக்கட்டும் என்றார் அதிகாரி. அடுத்த கிழமை பார்த்தபோது அது சென்றிக்குப் பக்கத்தில் வாங்காகப் போடப்பட்டிருந்தது. நாலு சிப்பாய்கள் விசாரணைமேல் அமர்ந்து தேநீர் குடித்தார்கள். மற்ற இரண்டும் வாவியில். அந்தப் பக்கம் இறங்கக்கூடாது என்று தடை வந்துவிட்டதால் அவை இன்னும் அங்கேதான்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா முழுவதையும் கேட்டார். சூறாவளியால் அசைக்கமுடியாத மரத்தை நான் எப்படி அசைத்தேன் என்று ஏசுவார் என நினைத்தேன். “மூண்டு பேரும் வந்துட்டீங்கதானே” என்று மட்டும் சொன்னார். அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே, விழுவதில் கனமான மரம் எவ்வளவு மோசம் என்று தான் முன்பே சொன்னதாகச் சொன்னார். உண்மைதான், தண்ணீரில் விழும் என்று மட்டும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தாய் பின்னேரமே வந்துவிட்டார். வாசலைத் தாண்டவில்லை. “கலியாணம் முடியமுந்தியே எண்ட புள்ளையக் கையத் தூக்கவெச்சுட்டீங்க. முடிஞ்சா என்னென்ன செய்வீங்களோ!” என்றார். கலியாணப் பேச்சு இத்தோடு சரி என்பதுபோல் திரும்பிப் போனார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்ற நேரத்தைப்போல ஒரு நீளமான நேரம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. “அக்கா” என்று கூப்பிட்டேன். “போடா” என்று மட்டும் வந்தது.

மறுநாள் காலையில் பாஸ்கரன் சேர் வந்தார். கையில் ஒரு பனையோலைப் பெட்டி. அதற்குள் வாவியில் பொறுக்கிய விடைத்தாள்கள், கூழாகாமல் தப்பியவை. தன் வீட்டில் அயன்பெட்டி இல்லை என்றார். அம்மா கரி போட்டு அயன்பெட்டியைச் சூடாக்கினார். அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து, தாள் தாளாக வைத்து அயன் பண்ணினாள். சேர் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். அதுவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினார்கள், பெரும்பாலும் என்னைப் பற்றி, பெரும்பாலும் சிரித்துக்கொண்டு. அடுத்த நாளும் தாள்கள் வந்தன. அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் கொண்டுவந்த தாள்களை நான் தொட்டுப் பார்த்தேன். மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிழமையில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அது. சேர் தாயிடம் என்ன சொன்னாரோ, அந்த அம்மாவும் கோபத்தை இறக்கிவைத்தார். ஆனால் ஆவணி ஆவணிதான் என்றார்.

ஆதம்பாவா ஓடாவியார் வந்தார். வரும் வழியில் நாலாவது சென்றியில், எங்கள் தீராந்திமேல் இருந்துதான் உளிப்பெட்டியைத் திறந்து காட்டினாராம். “நல்ல மரம் தம்பி” என்றார். “உக்காரச் சுகமா இரிக்கி.” பிறகு வளவின் மூலையில் நின்ற பெரிய வேம்பைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். அது தறிபட்டது. பச்சையாகக் கிடந்ததை அவர் சீவி, காயவைத்து, ஆவணி முடிய ஆறு நாள் இருக்கக் கூரையேற்றினார். வேலை முடியும்வரை என்னை அளவு நாடா பிடிக்க மட்டும் விட்டார். அதுவும் பூச்சியப் பக்கத்தை. அந்த வேம்பு இன்றுவரை விழவில்லை. ஆகவே அது மெல்லமாக விழுமா என்பதை அம்மாவால் கடைசிவரை நிரூபிக்க முடியாமல் போனது.

கலியாணம் நடந்தது. சேர் அத்தான் ஆனார். கொஞ்ச வருடத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றலாகி வந்தார். வந்த முதல் தவணையிலிருந்து எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பரீட்சையில் ஒரு கேள்வி நிரந்தரமானது: ‘ஒருவர் மூன்று பாலைத் தீராந்திகளை நான்கு வெறும் கான்களுடன் கட்டி வாவியில் இழுத்துச் சென்றார். இடையில் கான்களை அவிழ்த்தார். மரங்கள் தாழ்ந்தமைக்கான காரணம் யாது? (10 புள்ளிகள்)’. பெயர் போடவில்லை என்பதில் அத்தானுக்குப் பெருமை. ஊரில் அந்த ‘ஒருவர்’ யார் என்று தெரியாத பிள்ளை கிடையாது. தெருவில் என்னைக் காணும்போது சில பிள்ளைகள் பரீட்சை ஞாபகத்தில் முகம் வாடும்.

யுத்தமெல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள், எட்டாம் வகுப்புக்கு வந்த என் மகள் அந்த விடைத்தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவள் எழுதியிருந்த விடை: ‘எங்கள் அப்பா சொல்வழி கேட்காதமை.’ பக்கத்தில் சிவப்பு மையில் ஒன்பது புள்ளி.

தாளை எடுத்துக்கொண்டு நேரே அத்தானிடம் போனேன். அக்கா வீட்டு விறாந்தையில் எல்லோரும் இருந்தார்கள். “அத்தான், இது என்ன நியாயம்? இது விஞ்ஞான விடையா?”

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடையைத் திரும்ப வாசித்தார்.

“காரணம் சரி தம்பி,” என்றார். “அலகு எழுதல்ல. அதுதான் ஒரு புள்ளி வெட்டினன்.”

“இதுக்கு என்ன அலகு?”

அவர் யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் யோகம் அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: “தீராந்தி!”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் முட்டாள்தனத்தை அளப்பது தீராந்தியில்தான். அக்காவின் மகன் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் விட்டபோது, அரைத் தீராந்தி என்று தீர்ப்பானது. அத்தானே ஒருமுறை கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு முழு வீட்டையும் கிளறித் தேடியதற்குக் கால் தீராந்தி கொடுத்தோம். போன வருடம் என் மகளின் கலியாணத்துக்கு நான் அழைப்பிதழில் திகதியைப் பிழையாக அடித்துக் கொடுத்தேன். சபை கூடி, நெடுநேரம் ஆராய்ந்து, இரண்டேகால் என்று முடிவுசெய்தது. வாவியில் போன அந்த மூன்றை அதன்பிறகு எவரும் தொடவில்லை. நான் உட்பட.